ஸ்காபரோவில் ஓர் இருட்டுக் கண்ணாடி வாங்கினோம்

தவளையின் கண்ணைப் பற்றிப் பன்னிரண்டு நிமிடம் பேச வாருங்கள் என்று டொராண்டோவிலிருந்து எனக்கு அழைப்பு வந்தது. திருச்சியிலிருந்து கிளம்பி, மூன்று விமானம் மாறி, கால் இரண்டும் வீங்கிப் போய் இறங்குவதற்குப் பன்னிரண்டு நிமிடம் கொஞ்சம் குறைச்சல்தான். ஆனால் பதினெட்டு வருடமாக எங்கள் கல்லூரியில் நான் தவளைக் கண்ணைப் பற்றிப் பாடம் நடத்துகிறேன். அங்கே யாரும் பன்னிரண்டு நிமிடம் விழித்திருந்து கேட்டதாக ஞாபகம் இல்லை. அதனால் உடனே ஒப்புக்கொண்டேன்.

கருத்தரங்கு ஒரே நாள். மற்ற நாட்களுக்கு ஸ்காபரோவில், ரூஜ் பக்கம், வசந்தி வீடு. வசந்தி யாழ்ப்பாணத்துக்காரி. எழுபதுகளில் திருச்சியில் மூன்று வருடம் எனக்கு விடுதி அறைத் தோழி. படிப்பு முடிந்து ஊருக்குப் போனாள், கல்யாணம் செய்துகொண்டாள், சண்டையில் அகப்பட்டாள், புருஷனோடும் மகளோடும் கனடா வந்து நான்கு வருடம் ஆகிவிட்டது. நீ வந்தால் நண்டுக் குழம்பு வைத்துத் தருகிறேன் என்று மூன்று கடிதத்தில் எழுதியிருந்தாள். தவளைக்காகப் பாதி வந்தேன், நண்டுக்காகப் பாதி வந்தேன்.

விமான நிலையத்தில் கட்டிப்பிடித்து அழுது முடித்தவுடன் முதல் செய்தியைச் சொன்னாள். "ஏய், கந்தசஷ்டி தொடங்கிட்டுது. வெள்ளிவரைக்கும் வீட்டில மச்சம் இல்லை."

மச்சம் என்றால் அவர்கள் பேச்சில் மீன், இறைச்சி, முட்டை எல்லாம் அடக்கம். அன்று திங்கட்கிழமை. ஞாயிறு மாலை எனக்குத் திரும்பும் விமானம். உலகத்தின் மறுபக்கம்வரை வந்து ஐந்து நாள் பருப்பும் பூசணிக்காயும் சாப்பிடுகிற பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்?

அவர்களுடைய வேனின் பக்கக் கதவு துருப்பிடித்துத் திறக்காது. இங்கே குளிர்காலத்தில் ரோட்டில் உப்பைக் கொட்டுகிறார்களாம், அது வண்டியைத் தின்றுவிடுமாம். பின்கதவு வழியாகப் பெட்டியைத் தள்ளி, பெட்டிக்குப் பின்னால் என்னையும் தள்ளினாள். மண்டியிட்டுத் தவழ்ந்து முன்னால் வந்து உட்கார்ந்தேன். கனடாவுக்குள் நான் நுழைந்த விதம் அது.

ஊர் நேரம் மாறியதால் விடியற்காலை நான்கு மணிக்கு விழித்துக்கொண்டேன். தண்ணீர் குடிக்க அடுக்களைக்குத் தடவித் தடவிப் போனால், கும்மிருட்டில் எதிரே ஒருவர் நின்று டீ உறிஞ்சிக்கொண்டிருந்தார். நான் போட்ட சத்தத்தில் குழாய்த் தண்ணீர்கூட ஒரு நிமிடம் நின்றிருக்கும்.

"ரீச்சர், பயப்படாதேங்கோ. நான்தான், குலநாதன்."

வசந்தியின் புருஷன். தொழிற்சாலைக்குக் காலை வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிறார். நான் சுவிட்சைத் தேடினேன். "வேண்டாம், எனக்குத் தெரியுது," என்றார். எனக்குத் தெரியவில்லையே என்பது அவருக்குத் தோன்றவில்லை. கரண்ட் மிச்சம் பிடிக்கிறார் என்று முடிவுகட்டினேன். நம் ஊரில் தெருவிளக்கு வெளிச்சத்தில் கணக்கு எழுதும் ஆட்களைப் பார்த்திருக்கிறேன். டீயை இருட்டிலேயே கலக்கிக் குடிக்கிறவரை அன்றுதான் பார்த்தேன்.

பிறகு கவனித்தால் மனிதர் எல்லாவற்றிலும் அப்படித்தான். நிலவறைக்குப் படியிறங்கிப் போவார், விளக்குப் போட மாட்டார். காரேஜில் ஏதோ தேடுவார், விளக்குப் போட மாட்டார். பதினொரு வயது மகள் தர்சினி அதற்கு ஒரு விளக்கம் வைத்திருந்தாள். "அன்ரி, அப்பா இஸ் லைக் எ வௌவால், யூ நோ."

அன்று மாலை வேலையிலிருந்து வந்தவர் நேரே என்னிடம் வந்து உட்கார்ந்தார்.

"ரீச்சர், நீங்கள் கண்ணைப் பற்றிப் படிச்சனீங்களாம்."

"தவளைக் கண், சார்."

"கண் கண்தானே."

பதினெட்டு வருட ஆராய்ச்சியை இவ்வளவு சுருக்கமாக யாரும் ஒதுக்கித் தள்ளியதில்லை. விஷயம் இதுதான். தொழிற்சாலையில் பில் என்றொரு மேற்பார்வையாளர். நான்கு வருடமாக ஒரே மேசையில் சாப்பிட்டும் பில்லும் அவர் ஆட்களும் இவரிடம் வானிலையைத் தவிர வேறு எதுவும் பேசியதில்லை. போன மாதம் திடீரென்று, "மான் வேட்டைக்குப் போகிறோம், வருகிறாயா?" என்று பில் கேட்டிருக்கிறார். இவர் உடனே ஓம் என்றுவிட்டார். அதற்கான வகுப்புக்குப் போய்ப் பரீட்சை எழுதி அட்டையும் வாங்கிவிட்டார். வரும் சனிக்கிழமை விடியுமுன் புறப்பட வேண்டும்.

வசந்தி அடுக்களையிலிருந்தே குரல் கொடுத்தாள். "வெள்ளிக்கிழமை சூரன் போர். சனிக்கிழமை முருகனுக்குக் கலியாணம். வள்ளியம்மை மான் வயித்தில பிறந்தவ. ஆறு நாள் நான் பட்டினி கிடக்க, இவர் பொம்பிளை வீட்டுக்குப் போற மாதிரி மான் சுடப் போறார்!"

"கலண்டரைப் பாக்காமல் சொல்லிப்போட்டன்," என்றார் குலநாதன் என்னிடம், தாழ்ந்த குரலில். "இனி மாட்டன் எண்டு சொல்லேலாது ரீச்சர். நாலு வருசத்தில முதல் தரமா ஒருத்தன் என்னை ஒரு இடத்துக்குக் கூப்பிட்டிருக்கிறான்."

"சரி, போங்க. கண்ணுக்கு என்ன?"

"இருட்டுக்குள்ள நாப்பது நிமிசம் நடந்து, மரத்தில கட்டின பரணுக்குப் போகவேணும். ஆளாளுக்குத் தலையில ஒரு லைற்றைக் கட்டவேணுமாம். ஒருத்தனை ஒருத்தன் பாக்கவேணும், மான் எண்டு நினைச்சுச் சுட்டுப்போடக் கூடாது. லைற் இல்லாட்டி வண்டியிலயே இருந்துகொள்ளு எண்டு பில் சொல்லிப்போட்டான்."

"கட்டிக்க வேண்டியதுதானே?"

"எனக்கு உது சரிவராது. கண் கூசும். இருட்டில பாக்கிற கண்ணாடி ஒண்டு இருக்காம். அதை வாங்கிக்கொண்டு போய்க் காட்டினா பில் ஓம் எண்டுவான். எது நல்லது எண்டு நீங்கள்தான் பாத்துச் சொல்லவேணும்."

நெற்றியில் கட்டும் விளக்கு ஒன்றை பில்லே கொடுத்திருந்தாராம். பொட்டலம் பிரிக்காமல் மேசை இழுப்பறையில் கிடந்தது. கண் கூசுவதைப் பற்றி அவருக்கு நான் கால் மணி நேரம் விளக்கினேன். வெளிச்சம் பட்டால் கண்ணின் இருட்டுப் பழக்கம் போய்விடும், மறுபடி வர அரை மணி நேரம் ஆகும், ஆகவே நீங்கள் சொல்வது நியாயம்தான் என்றேன். அவர் மிகவும் சந்தோஷப்பட்டார். எனக்கும் கண்ணைப் பற்றி ஒருவர் விழித்திருந்து கேட்டது சந்தோஷமாகத்தான் இருந்தது.

புதன்கிழமை தவளை. அதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. எனக்கு முன்னால் பேசியவர் என் நேரத்தில் நான்கு நிமிடத்தைத் தின்றுவிட்டார். நான் எட்டு நிமிடம் பேசினேன். ஒருவர் கேள்வி கேட்டார். கழிப்பறை எந்தப் பக்கம் என்பது அந்தக் கேள்வி.

திரும்பும்போது பஸ்ஸில் தவறு செய்தேன். இங்கே ஒரு பஸ்ஸிலிருந்து இன்னொன்றுக்கு மாற ஒரு துண்டுச் சீட்டுத் தருகிறார்கள். அதை வழியில் இறங்கிக் கடை பார்த்துவிட்டு வந்து நீட்டக்கூடாதாம். ஓட்டுநர் என்னைக் கோபிக்கவில்லை, கத்தவில்லை, கீழே இறக்கவும் இல்லை. அந்தச் சீட்டை மட்டும் துக்க வீட்டுக்கு வந்தவர் மாதிரி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். நம் ஊர்க் கண்டக்டர் நாலு வார்த்தை திட்டியிருந்தால் மனசு லேசாகியிருக்கும். எனக்குப் பின்னால் இரண்டு வெள்ளைக்காரப் பாட்டிகள் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டார்கள். "என் மருமகன் இந்த வருடமும் மான் கொண்டுவருவானாம்." "போன வருடம் எங்கே போனது?" "மானா? அது எங்கேயும் போகவில்லை, காட்டில்தான் இருக்கிறது." உலகம் முழுக்க மருமகன்களின் நிலைமை ஒன்றுதான் போலிருக்கிறது.

பேச்சைக் கேட்டுக்கொண்டே இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி அஜின்கோர்ட்டில் போய் இறங்கினேன். எதிரே ஒரு தமிழ்க் கடை. கண்ணாடிப் பெட்டிக்குள் சுடச்சுட ஆட்டிறைச்சி ரோல்ஸ். தவறிப் போய் இறங்கிய இடத்தில் முருகன் எனக்கு வழி காட்டியதாகவே எடுத்துக்கொண்டு மூன்று தின்றேன். வீட்டுப்படி ஏறியதும் வசந்தி மோந்து பார்த்தாள். "எத்தினை?" என்றாள். "ஒண்ணு," என்றேன். விடுதிக் காலத்திலிருந்து நான் பொய் சொன்னால் அவளுக்குத் தெரியும்.

வியாழக்கிழமை கடைக்குப் போனோம். பிக்கரிங் எல்லைக்குச் சற்று முன், துப்பாக்கியும் தூண்டிலும் கூடாரமும் விற்கிற பெரிய கடை. உள்ளே நுழைந்ததும் பாடம் பண்ணிய கரடி ஒன்று இரண்டு காலில் நின்று வரவேற்றது. எங்கள் கல்லூரி அருங்காட்சியகத்துக் கரடியை விட இது சுகமாக இருந்தது. எங்கள் கரடியின் வயிற்றிலிருந்து வைக்கோல் வரும்.

கட்டம் போட்ட சட்டையும் மார்புவரை தாடியுமாக இருந்த கடைக்காரர் கண்ணாடி மேசைமேல் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். ஒன்று, ஒற்றைக் கண்ணுக்கு. தலையில் வாரால் கட்டிக்கொள்ளலாம். இன்னொன்று, இரண்டு கண்ணுக்கும். கழுத்தில் மாட்டினால் கழுத்து கீழே போய்விடும் கனம். இரண்டும் ரஷ்யப் படையின் மிச்சம். ஒரு வல்லரசே கலைந்து போனதில் எனக்குத் தெரிந்து ஏற்பட்ட ஒரே நன்மை, ஸ்காபரோவில் மான் சுடுகிறவர்களுக்குக் கண்ணாடி மலிவாகக் கிடைத்ததுதான். மூன்றாவது அமெரிக்கத் தயாரிப்பு. அதன் விலைக்குப் பக்கக் கதவு திறக்கிற வேன் ஒன்று வாங்கலாம். அதை எடுத்த வேகத்திலேயே உள்ளே வைத்துவிட்டார்.

"இது துப்பாக்கிமேல் பொருத்துவது," என்று நான்காவதைக் காட்டினார். "ஆனால் உங்களுக்கு வேண்டாம். பொழுது சாய்ந்து அரை மணிக்குமேல் இங்கே மானைச் சுட்டால் துப்பாக்கியையும் பிடுங்குவார்கள், வண்டியையும் பிடுங்குவார்கள்."

"சுட இல்லை, நடக்கத்தான்," என்றார் குலநாதன், பரீட்சையில் தேறியவரின் பெருமையோடு.

"நடக்க மட்டும்தான் என்றால் நெற்றி விளக்குப் போதுமே. எல்லாரும் அதைத்தான் கட்டுகிறார்கள்."

குலநாதன் கரடியைப் பார்த்தார். நான் குறுக்கே புகுந்து கண்ணின் இருட்டுப் பழக்கத்தைப் பற்றி ஆங்கிலத்தில் பாடம் எடுத்தேன். கடைக்காரர் பொறுமையாகக் கேட்டுவிட்டு எங்களைச் சாமான் வைக்கிற அறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார்.

பொத்தானை அழுத்தியதும் கருவி கொசு மாதிரி ரீங்காரம் இட்டது. கண்ணில் வைத்தேன். எல்லாமே பச்சை. எங்கள் ஆய்வுக்கூடத்துப் பாசித் தொட்டிக்குள் தலையை விட்ட மாதிரி. நடுவில் பெட்டிகள் தெரிந்தன, ஓரமெல்லாம் கலங்கல். எது பக்கம், எது தூரம் என்று மட்டும் புரியவில்லை. கையை நீட்டினால் எட்டும் என்று நினைத்த பெட்டியில் மூக்கை இடித்துக்கொண்டேன். குலநாதன் வாங்கி என்னைப் பார்த்தார்.

"ரீச்சர், உங்கட கண் ரண்டும் பூனைக் கண் மாதிரி மினுங்குது."

என் கண்ணைப் பற்றி என் வாழ்நாளில் யாரும் சொன்ன ஒரே நல்ல வார்த்தை அதுதான்.

நிதானமாக ஆலோசித்து ஒற்றைக் கண்ணைத் தேர்ந்தெடுத்தோம். கனம் குறைவு, வாரால் தலையில் கட்டிக் கையைச் சும்மா விடலாம். மற்றக் கண் இருட்டுக்குப் பழகியே இருக்கும், பச்சைக் கண் ஏமாற்றினால் அது கைகொடுக்கும். மாற்றுப் பற்றரியும் சாதாரணக் கடைகளில் கிடைக்கும். பகல் வெளிச்சத்தில் மூடியைத் திறந்தால் உள்ளே இருக்கும் குழாய் கெட்டுவிடும் என்று கடைக்காரர் மூன்று முறை சொன்னார். எங்கள் முகத்தில் அப்படி என்ன எழுதியிருந்ததோ.

பிறகு ஒரு தாளை எடுத்து, பெயர், விலாசம், எதற்காக என்று கேட்டு எழுதிக்கொண்டே வந்தார். இதை நாட்டுக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது, தெரியுமா என்றார். இந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "கவலையே படாதீங்க, நான் ஞாயிற்றுக்கிழமைதான் இந்தியாவுக்கு விமானம் ஏறுறேன்," என்று சிரித்தபடி ஆங்கிலத்தில் சொன்னேன். அதாவது எனக்கும் கருவிக்கும் சம்பந்தமில்லை என்ற அர்த்தத்தில்.

பேனா நின்றது. யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்து குடியுரிமைக்கு மனுப் போட்டிருக்கும் மனிதர், படைகள் பயன்படுத்துகிற கண்ணாடி வாங்குகிறார். பக்கத்தில் மூன்று நாளில் விமானம் ஏறப்போகும் பெண்பிள்ளை. அவர் ஊரில் சண்டை இன்னும் நடந்துகொண்டிருந்தது. குலநாதனின் முகம் பாடம் பண்ணிய கரடியின் பக்கத்தில் வைக்கத் தகுந்ததாக ஆகிவிட்டது. வேட்டை அட்டையை எடுத்து நீட்டினார். யாரோடு, எந்த ஏரிப் பக்கம் என்றெல்லாம் கடைக்காரர் விசாரித்தார். பில்லின் பெயரைச் சொன்னதும் தாடி விரிந்தது. "அவனா! அவன் போன வருடம் தன் தொப்பியைத்தான் சுட்டான்." கையெழுத்து வாங்கிக்கொண்டு பொட்டலத்தைக் கொடுத்தார்.

வேனில் பாதி வழி வந்ததும் குலநாதன் மெல்லக் கேட்டார். "ரீச்சர், பிளைற் கதையை ஏன் எடுத்தனீங்கள்?"

நான் வழியில் வாங்கிய டோனட்டைக் கடித்தேன். நடுவில் ஓட்டை இருந்தாலும் அதில் மச்சம் இல்லை.

வெள்ளிக்கிழமை மாலை வசந்தியும் தர்சினியும் சூரன் போர் பார்க்கக் கோயிலுக்குப் போனார்கள். ஒரு பக்கம் டயர் கடை, மறுபக்கம் கம்பளக் கிடங்கு, நடுவில் முருகன். எங்களுக்கு அதைவிட முக்கியமான போர் இருந்தது. ரூஜ் பள்ளத்தாக்கு மரக்காட்டில் கருவியைச் சோதிக்கப் போனோம். நவம்பரில் அங்கே ஐந்து மணிக்கே பொழுது விழுந்துவிடுகிறது. நாயை நடத்திக்கொண்டு வந்தவர்கள் வீடு திரும்பிக்கொண்டிருந்தார்கள்.

முதலில் நான் கட்டிக்கொண்டேன். அறிவியல் முறைப்படி பத்து அடி நடந்தேன். பதினொன்றாவது அடியில் ஒரு வேர். அது எட்ட இருப்பதாகப் பச்சைக் கண் சத்தியம் செய்தது. சேற்றில் முழங்கால்வரை புதைந்து எழுந்தேன். குலநாதன் வாங்கிக் கட்டிக்கொண்டார், நாலு அடி நடந்தார், கழற்றிக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டார். அதன்பிறகு அவர் நடந்த நடையைப் பார்க்க வேண்டும். சருகு சத்தப்படவில்லை. முகத்தில் அடிக்க வந்த கிளையை எனக்காக ஒரு கையால் விலக்கிப் பிடித்தபடி, பள்ளம் வருது, கல்லு வருது என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டே போனார். கொண்டுவந்த கருவி அவருக்குத் தேவையே இல்லை.

"சார், அதுல ஒரு சின்ன விளக்கு இருக்கு. கடைக்காரர் காட்டலையே, போட்டுப் பாருங்க," என்றேன். போட்டார். எட்டிப் பார்த்தேன், காடு பளிச்சென்று தெரிந்தது. வெளியே பார்த்தால் ஒரு பொட்டு வெளிச்சம் இல்லை.

"எங்களுக்குத் தெரியேல்லையே!" என்று ஆச்சரியப்பட்டார்.

எனக்குள் இருந்த ஆசிரியை எழுந்துகொண்டாள். "அது வெறும் கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம், சார். ஆனா இதே மாதிரி கருவி வேற யாராவது வச்சிருந்தா, அவங்களுக்கு நீங்க டார்ச் அடிச்சுக்கிட்டு நிக்கிற மாதிரிதான் தெரியும்."

அவர் கை கருவியின் முகத்தைப் பொத்தியது. இன்னொரு கை என் தோளை அழுத்திக் கீழே உட்கார வைத்தது.

"அணையுங்கோ."

"உங்க கையிலதான் இருக்கு, சார். இங்க யாரு இருக்கா?"

"அணையுங்கோ ரீச்சர்!"

நானே பொத்தானைத் தேடி அணைத்தேன். அவருக்கு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து, கழுத்தில் மணி கட்டிய நாயோடு ஒரு கிழவர் டார்ச் அடித்துக்கொண்டு பாதையில் வந்தார். சருகுக்குள் உட்கார்ந்திருந்த எங்கள் இரண்டு பேர் முகத்திலும் நல்ல மனதோடு வெளிச்சத்தைக் காட்டி, "ஏதாவது தொலைந்துவிட்டதா? தேடித் தரட்டுமா?" என்றார். இல்லை, நன்றி என்றேன். குலநாதன் முகத்தைத் திருப்பிக்கொண்டு, இரண்டு கையாலும் தலையை மூடியிருந்தார். மணிச் சத்தம் ஓய்ந்த பிறகும் எழுந்திருக்கவில்லை.

உட்கார்ந்தபடியே சொன்னார்.

"தொண்ணூற்றிரண்டில நாங்கள் ஊரை விட்டு வெளிக்கிட்டது. ரோட்டுப் பாதை இல்லை. கடல்நீரேரியை இரவில வள்ளத்தில கடக்கவேணும். நேவி நிப்பான், அவனிட்ட உது மாதிரிக் கண்ணாடி இருக்கு எண்டு சனம் கதைக்கும். ஒருத்தரும் லைற் போடக்கூடாது, பீடி பத்தக்கூடாது. பிள்ளைக்கு ஆறு வயது. ஒரு செருப்பு கழண்டு எங்கயோ விழுந்திட்டுது. அழத் தொடங்கினாள். சத்தம் கேட்டிடும் எண்டு, செருப்பைத் தேட ரோச் லைற்றைக் கைக்குள்ள பொத்தி ஒருக்கா அடிச்சன். ரண்டு செக்கன் இருக்கும். செருப்பு காலுக்குக் கீழதான் கிடந்தது." நிறுத்தினார். "பிறகு சூடு தொடங்கினது. எங்களுக்கு இல்லை. பின்னால வந்த வள்ளத்துக்கு."

"உங்க விளக்கைப் பார்த்துத்தான் சுட்டாங்கன்னு..."

"தெரியாது ரீச்சர். நான் அடிக்காட்டியும் சுட்டிருப்பாங்கள். சுடாமலும் விட்டிருப்பாங்கள். ஆரிட்டக் கேக்கிறது?"

"வசந்திக்குத் தெரியுமா?"

"பக்கத்திலதான் இருந்தவ. ஒருநாளும் கேக்கேல்லை."

கரண்ட் மிச்சம் பிடிக்கிறார் என்று நாலு நாளாக நான் மனசுக்குள் சிரித்ததெல்லாம் நினைவு வந்தது. வெட்கமாக இருந்தது. கண் கூசும் என்று அவர் சொன்னதற்குக் கால் மணி நேரம் அறிவியல் காரணம் கண்டுபிடித்துக் கொடுத்தவள் நான். கண்ணைப் பற்றி எனக்குத் தெரிந்த லட்சணம் அவ்வளவுதான். அழுகை வந்தது, சேற்றுக் கையால் துடைத்துக்கொண்டேன்.

ஆறுதல் சொல்ல எனக்கு வராது. வாயில் வந்ததைச் சொன்னேன். "சார், இங்க விளக்கு போடாதவங்களைத்தான் சுடுவாங்க."

இருட்டில் அவர் முகம் தெரியவில்லை. மூக்கால் சிரிக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

"ஓம்," என்றார். "பில்லும் அதைத்தான் சொன்னவன்."

சனிக்கிழமை விடியற்காலை நான்கு மணிக்கு வாசலில் பில்லின் வண்டி உறுமிக்கொண்டு நின்றது. வசந்தி விரதம் முடித்த கையோடு புட்டும் சம்பலும் கட்டிக் கொடுத்தாள். பெண் வீட்டுக்குத்தான் போகிறார் என்று ஒப்புக்கொண்டுவிட்டாள் போலும். அடுக்களை வழக்கம்போல இருட்டாக இருந்தது. இழுப்பறை திறக்கிற சத்தமும், பொட்டலம் கிழிகிற சத்தமும் கேட்டன. ஆரஞ்சு நிறச் சட்டை, கம்பளித் தொப்பி, அதன்மேல் நெற்றி விளக்கு. ஆரஞ்சு நிறம் மானின் கண்ணுக்குத் தெரியாது, மனிதர்களுக்கு மட்டும்தான் தெரியும் என்று சொன்னேன். இது உண்மையிலேயே நான் படித்தது.

"போட்டு வாறன் ரீச்சர்."

இருட்டுக் கண்ணாடி மேசைமேலேயே கிடந்தது. அவர் படியிறங்கிப் போனார். வண்டிக்குள் பில்லின் நெற்றியில் விளக்கு எரிந்தது. குலநாதனின் நெற்றியில் எரியவில்லை. வண்டி தெருமுனை திரும்பும் வரை நானும் வசந்தியும் ஜன்னலில் நின்று பார்த்தோம். எரியவில்லை. "லைற் இல்லாட்டி வண்டியிலயே இருக்க விட்டிடுவான்," என்றாள் வசந்தி.

அன்று மத்தியானம் நண்டுக் குழம்பு வைத்தாள். கடிதத்தில் எழுதிய அளவுக்கு இருந்தது. ஆனால் ஒருவருக்கும் சாப்பிட ஓடவில்லை, எனக்கு மட்டும் கொஞ்சம் ஓடியது. ஞாயிறு மாலை நான் விமானம் ஏறியபோது குலநாதன் காட்டிலிருந்து திரும்பியிருக்கவில்லை.

திருச்சிக்கு வந்து நாலாவது நாள் போன் வந்தது. கடலுக்கு அப்பாலிருந்து வரும் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்த மாதிரி இருந்தது.

"ஏய், மான் ஒண்டும் கிடைக்கேல்லை," என்றாள் வசந்தி.

"விளக்கு?"

"பில் வீட்டுக்கு வந்து முறைப்பாடு வச்சவன். வண்டியால இறங்கினவுடன போட்டவராம். நாப்பது நிமிசமும் போட்டபடி நடந்தவராம். பரணில ஏறியிருந்தும் அணைக்கேல்லையாம். விடிஞ்சு, வெயில் வந்து, பதினொரு மணிக்குப் போய்ப் பாத்தாலும் எரிஞ்சுகொண்டிருந்ததாம். அந்தப் பகுதி மான் எல்லாம் வந்து இவரைப் பாத்திட்டுப் போட்டுதாம். இப்பிடி ஒரு வேட்டைக்காரனைத் தான் கண்டதில்லை எண்டான்."

"ஐயோ. கோபமா?"

"வாற வருசமும் கட்டாயம் வரவேணுமாம். புட்டையும் கொண்டுவரச் சொன்னவன்."

இருட்டுக் கண்ணாடியை என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். பிரித்த பெட்டியைக் கடையில் திருப்பி எடுக்க மாட்டார்களாம். குப்பைத் தொட்டியைக் கவிழ்ப்பது எந்த ரக்கூன் என்று தர்சினி அதை வைத்துக் கண்டுபிடித்துவிட்டாளாம். ஒன்று இல்லையாம், குடும்பமே வருகிறதாம்.

நிமிடத்துக்குப் பணம் போகிற போனில் வசந்தி அவசரப்படாமல் பேசியது அதுதான் முதல் தடவை.

"ஞாயிறு இரவு வந்து, அந்த லைற்றைக் கழற்றி அடுக்களை மேசையில வச்சவர்," என்றாள். "அணைக்காமல். பற்றறி முடியுமட்டும் இரவிரவா எரிஞ்சது."

"நீ அணைக்கலையா?"

"இல்லை. பக்கத்தில இருந்தனான்."